பௌர்ணமி ராத்திரி டியூட்டி... உங்க ஹெச்.ஆர் சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றி லாட்ஜ், மெஸ், காபிக் கடை எதையாவது நடத்துகிறீர்களா? ஆள் கணக்கு இன்னமும் கல்லாப் பக்கத்து நீள நோட்டில்தான் இருக்கிறதா? அஞ்சு பேர் வரைக்கும் அந்த நோட்டே போதும். 10 பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., 20 பேரைத் தொட்டால் பி.எஃப். இரண்டுக்கும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பணம் கட்டியாகணும். அப்போதுதான் சாஃப்ட்வேர் தேவைப்படும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ‘ஜோஹோ பீப்பிள்’, பெங்களூரு ‘கிரேட் ஹெச்.ஆர்’ எனப் பல இருக்கின்றன. வருகைப்பதிவு, லீவு... எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும். எதை வாங்குவது என்பதைவிட, அதில் எதை ஏற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நோட்டில் இருக்கும் தப்பை அப்படியே ஏற்றினால், அந்தத் தப்பு பி.எஃப் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சிக்கலே பெயர்தான். சாஃப்ட்வேர் ‘முதல் பெயர், கடைசிப் பெயர்’ என்று கேட்கும். நமக்கு ஏதுங்க கடைசிப் பெயர்? ‘மு.செல்வி’ என்பவர் ஒரு இடத்தில் ‘செல்வி எம்’, இன்னொரு இடத்தில் ‘செல்வி முருகன்’ ஆகிவிடுவார். ஆதாரில் ஒன்று, பி.எஃப்-பின் யு.ஏ.என் கணக்கில் வேறொன்று என்றிருந்தால், வேலையை விட்டபின் பணத்தை எடுக்கப் போகும்போது மாட்டிக்கொள்வார். திருத்த, சில நேரங்களில் பழைய முதலாளியையே தேடி வரவேண்டியிருக்கும். அதனால் வாய்வழியாகக் கேட்டு டைப் செய்யாதீர்கள். ஆதாரில் உள்ள எழுத்தைப் பார்த்து ஏற்றுங்கள், பிறந்த தேதியும் அப்படியே. சேர்ந்த தேதியில் கூடுதல் கவனம் வேண்டும். பி.எஃப்-பில் மாத ஓய்வூதியம் கிடைக்க 10 வருட சேவை தேவை. ‘அப்புறம் பதிஞ்சுக்கலாம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவருடைய நஷ்டம்.

அடுத்தது, நம்ம ஊர் காலண்டர். ஷிஃப்ட் அட்டவணை ஏழு நாள் சுற்றில் ஓடும். கிரிவலக் கூட்டம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும். அன்று வார விடுமுறையை மாற்றிவைப்பீர்கள், ஆட்கள் விடிய விடிய நிற்பார்கள். ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டும் என்று செட்டிங்ஸில் சொல்லாவிட்டால், சில சாஃப்ட்வேர்கள் ‘வெளியே போன நேரம் இல்லை’ என்று அந்த நாளுக்கு ஆப்சென்ட் போட்டுவிடும். கார்த்திகை தீபத்துக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. ரெடிமேட் லீவு பட்டியலில் அது இருக்காது, நீங்கள்தான் சேர்க்கணும்.

ஒரு நாள் விடுபட்டால் என்ன, கையில் காசு கொடுத்துட்டோமே என்று நினைக்கலாம். இ.எஸ்.ஐ-யில் நோய்க்கால உதவித்தொகை பெற, அரையாண்டில் பொதுவாக 78 நாள் பங்களிப்பு வேண்டும். இருந்தால், உடம்பு சரியில்லாத நாள்களுக்கு சராசரி தினக்கூலியில் 70 சதவிகிதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இங்கே சீசனுக்கு வந்து போகும் ஆள்கள் அதிகம். 79 நாள் வேலை பார்த்தவருக்கு இரண்டு பௌர்ணமி பதிவாகாவிட்டால் 77 நாள்தான், உதவித்தொகை கிடையாது. கையில் கொடுத்த காசு அந்தக் கணக்கில் ஏறாது. பௌர்ணமி கூடுதல் நேரத்துக்கான இரட்டைச் சம்பளத்தையும் சம்பளச் சீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

கைரேகை மெஷின் வாங்கும் முன் யோசிங்க. பாத்திரம் கழுவும், துணி துவைக்கும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. முகம் பார்த்துப் பதியும் டேப்லெட் ஒன்றை வாசலில் மாட்டினால், ஸ்மார்ட்போன் இல்லாத அக்காக்களுக்கும் சிரமம் இருக்காது. ஆதார் நகல்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வாங்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

வாங்கிய முதல் மாதமே நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு பௌர்ணமி கடக்கும் வரை இரண்டும் ஓடட்டும். மாதக் கடைசியில் வேலை செய்தவரைக் கூப்பிட்டு, நோட்டில் எத்தனை நாள், ஸ்கிரீனில் எத்தனை நாள் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.