குளோரோஃபார்ம் கொடுத்து மண்ணை அளந்தவர்கள்

1877இல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் நீளமான குழாய் ஒன்றில் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, மேலிருந்து சாக்கடைத் தண்ணீரை மெதுவாக இறக்கினார்கள். இருபது நாள் ஒண்ணுமே நடக்கல. உள்ளே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே வந்திருக்கணும் இல்லையா? சந்தேகம் தீர, குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றது. ஆவி போன பிறகும் திரும்பவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றிய பிறகுதான் வேலை மறுபடி தொடங்கியது. மண்ணுக்குள் உயிர் உழைக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

1890வாக்கில் அந்த நுண்ணுயிரிகளைத் தனியாகப் பிரித்தெடுத்தார் வினோகிராட்ஸ்கி. சரி, எது ஆரோக்கியமான மண் என்று எப்படிச் சொல்வது? தட்டில் வளர்த்து எண்ணிப் பார்த்தார்கள். நுண்ணோக்கியில் தெரிவதில் ஒரு சதவீதம்கூட பல நேரம் தட்டில் வளராது. கூட்டத்தில் கை தூக்கியவர்களை மட்டும் எண்ணி ஊர் ஜனத்தொகை சொல்வது மாதிரி.

1976இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஜென்கின்சனும் பௌல்சனும் எண்ணுவதையே கைவிட்டார்கள். பழைய குளோரோஃபார்மை எடுத்தார்கள். ஆவியில் ஒரு நாள் வைத்து மண்ணிலுள்ள உயிரிகளைக் கொல். ஆவியை வெளியேற்றி, ஒரு சிட்டிகை புது மண்ணைக் கல. புதிதாக வந்தவை செத்த உடல்களைத் தின்னும், கார்பன் டை ஆக்ஸைடை விடும். பத்து நாள் அதை அளந்து, கொல்லாத மண்ணோடு ஒப்பிடு. கூடுதலாக வந்த வாயுதான் செத்தவற்றின் எடைக்குக் கணக்கு. உயிர் இருக்கா என்று கேட்க உயிரை எடுக்க வேண்டியிருக்கிறது, கொஞ்சம் குரூரம்தான்.

இதனால் என்ன லாபம்? மண்ணின் மொத்தக் கரிமத்தில் நுண்ணுயிரிகளின் பங்கு சில சதவீதம்தான். ஆனால் முதலில் அசைவது அதுதான். டென்மார்க்கில் 18 வருடம் வைக்கோலை உழுது சேர்த்த நிலங்களில் மொத்தக் கரிமம் ஏறியது சுமார் 5 சதவீதம். நுண்ணுயிர்க் கரிமம்? ஏறத்தாழ 40 சதவீதம். இறக்கத்திலும் இப்படித்தான் முந்திக்கொள்ளும். நம்மூரில் 2015இல் வந்த மண்வள அட்டையில் 12 அளவுகள் உண்டு. கரிமம் இருக்கிறது, நுண்ணுயிர் இல்லை. மெதுவாக நகரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

முறையிலும் ஓட்டை உண்டு. ரொம்பப் புளித்த மண்ணில் கணக்கு தப்பும், அப்போதுதான் வைக்கோல் போட்ட மண்ணிலும் தப்பும். 1987இல் பத்து நாள் காத்திருப்பதை விட்டு, செத்த செல்களின் கரிமத்தைப் பொட்டாசியம் சல்ஃபேட் கரைசலில் நேராக இறக்கி அளக்கத் தொடங்கினார்கள். குளோரோஃபார்ம் மட்டும் மாறவில்லை.