இரண்டாவது ஓட்டை

மவுத் ஆர்கன் ஊதுகிற வாத்தியம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி உறிஞ்சுவதில் இருக்கிறது. இந்தப் பதிவு அந்த மீதிப் பாதியைப் பற்றி.

நான் வளர்ந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் வேலை. ஊரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வடாற்காடு, சித்தூர் பக்கத்து ஏழை ஜனங்கள் பிழைக்கப் போனார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டினார்கள். 2001 பிப்ரவரி 28ல் மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருந்த ஊர் என்பதால் கிளப், டான்ஸ், பேண்டு எல்லாம் உண்டு. அப்படி ஒரு ஆங்கிலோ இந்திய வீட்டிலிருந்து அப்பா கைக்கு வந்ததுதான் பத்து ஓட்டை ஹோனர்.

ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்பார். சினிமாப் பாட்டுதான். பெட்டியில் இருந்த காகிதத்தைப் படித்துவிட்ட நான் ஒருநாள் பெரிய மேதாவியாகச் சொன்னேன்: "அப்பா, நாலாவது ஓட்டையில ஊதினாத்தான் ஸ. நீங்க ரெண்டாவதுல உறிஞ்சி ஆரம்பிக்கிறீங்க. தப்பு." அவர் கோபிக்கவில்லை. "பாட்டு வருதா இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857ல் கம்பெனி தொடங்கினார். புகழ்பெற்ற மரைன் பேண்டு மாடல் 1896ல் வந்தது. அதன் சுருதி அமைப்புக்கு ரிக்டர் முறை என்று பெயர். கீழே முதல் நாலு ஓட்டைகளில் ஊதினால் ஸ, க, ப, ஸ. உறிஞ்சினால் ரி, ப, நி, ரி. கவனித்தீர்களா? கீழ் ஸ்தாயியில் மத்திமமும் தைவதமும் இல்லவே இல்லை! பஞ்சமம் மட்டும் இரண்டு தடவை. ஐரோப்பிய நாட்டுப்புற நடனங்களுக்குப் பக்கவாத்தியமாக இரண்டு கார்டு கிடைத்தால் போதும் என்று செய்த ஏற்பாடு. என் பி.காம் மூளைக்கு அது டேலி ஆகாத பேரேடு போலத்தான் இருந்தது.

இந்த அரைகுறைக் கருவி அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்கள் கைக்குப் போனது. அவர்கள் ஸ-வை வீடாக வைத்துக்கொள்ளாமல், உறிஞ்சினால் கிடைக்கும் ப-வை வீடாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது ஓட்டை! இதற்கு 'இரண்டாம் பொசிஷன்' அல்லது 'கிராஸ் ஹார்ப்' என்று பெயர். 1920களின் இசைத்தட்டுகளிலேயே இதைக் கேட்கலாம். உறிஞ்சும்போது வாயை ஒரு மாதிரி குவித்து நாக்கைப் பின்னிழுத்தால் சுருதி கீழே வளையும். இரண்டாவது ஓட்டையை வளைத்தால் விட்டுப்போன ம, மூன்றாவதை வளைத்தால் விட்டுப்போன த. ஜெர்மன்காரர் வைக்காத சுரங்களை இவர்கள் மூச்சாலேயே செய்துகொண்டார்கள்.

இனி நம்ம ஊர்க் கணக்கு. ஸ-வில் தொடங்கினால் சங்கராபரணம். அதே சுரங்களை வைத்துக்கொண்டு ப-வை ஸ ஆக்கினால் அரிகாம்போதி, ரி-யை ஆக்கினால் கரகரப்பிரியா, த-வை ஆக்கினால் நடபைரவி, க-வை ஆக்கினால் தோடி, ம-வை ஆக்கினால் கல்யாணி. கச்சேரி கேட்பவர்கள் 'கிரகபேதம்' என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதேதான். பொசிஷன் என்பது கிரகபேதம்.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம். ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயர் வைத்து வட்டமாக நிறுத்துகிறார்கள். எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோமோ அதற்கேற்பப் பாலை மாறும். பண்ணுப்பெயர்த்தல் என்பார்கள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917ல் வந்த கருணாமிர்த சாகரத்தில் இதைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்திருக்கிறார்.

வீட்டை மாற்றுவது ஒரு வழி. சுவரையே இடித்துக் கட்டுவது இன்னொரு வழி. ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். மூன்றாவது ஓட்டையில் ஊதும் ப-வை ஒரு முழுச் சுரம் ஏற்றினால் விட்டுப்போன த வந்துவிடும். இது 'பேடி ரிக்டர்', ஐரிஷ் பாட்டுகளுக்கானது. ஐந்தாவது ஓட்டையில் உறிஞ்சும் ம-வை அரைச் சுரம் ஏற்றினால் 'கன்ட்ரி' டியூனிங். அப்போது அந்த ஸ்தாயியில் இரண்டாம் பொசிஷனின் அரிகாம்போதி சங்கராபரணமாகிவிடுகிறது. டென்மார்க்கில் பிறந்த லீ ஆஸ்கர், 1983ல் ஜப்பானின் டோம்போ கம்பெனியோடு சேர்ந்து இப்படிப்பட்ட டியூனிங்குகளைக் கடையிலேயே கிடைக்க வைத்தார். அவருடைய ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணியேதான்.

நம் நாட்டில் இதன் கதை வேறு. 1940ல் ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கமகம் வராது, சுருதி நமக்கு ஒத்துவராது என்று காரணம். 1971ல்தான் தடை தளர்ந்தது. அதன் சின்னத் தம்பியான மவுத் ஆர்கன் சபாவுக்குப் போகவில்லை, சினிமாவுக்குப் போனது. 1958ல் 'சோல்வா சால்' பாட்டில் ஆர்.டி.பர்மன் வாசித்தார். 1964ல் 'தோஸ்தி'யிலும் அவர்தான். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ராமநகரத்தில் எடுத்த 'ஷோலே'யில் (1975) அமிதாப் வாசிப்பதாக வருவது பானு குப்தா வாசித்தது.

அப்பாவுக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. ப்ளூஸ் கேட்டதில்லை. கிரகபேதம் என்ற சொல்லும் தெரியாது. கையில் இருந்த கருவியில் பாட்டு எங்கே உட்காருகிறதோ அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

பாறைத்தூசி நெஞ்சில் இறங்கியபின் முதலில் நின்றது வாசிப்புதான். ஊத முடிந்தது, உறிஞ்ச முடியவில்லை. உறிஞ்சினால் இருமல். இன்று நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியாகவே மவுத் ஆர்கன் கொடுக்கிறார்களாம். அன்றைக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்ன ஒரே விஷயம் 'தப்பு' என்பதுதான்.

போன மாதம் இங்கே ஒரு பத்து ஓட்டை வாங்கினேன். இரண்டாவது ஓட்டையில் உறிஞ்சி ஆரம்பித்தேன். பாட்டு வருகிறது, அப்பா.

வீட்டு அலமாரியில் பழைய மவுத் ஆர்கன் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முதலில் துடைத்துவிடுங்கள் :-)