சேலத்தின் ஆவிச் சாட்சியம்

சூனியக்காரி என்றதும் உங்களில் பலருக்குக் கூம்புத் தொப்பியும் துடைப்பமும் நினைவுக்கு வரும். எனக்கு ஒரு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும்.

1692. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் (தமிழ்நாட்டுச் சேலம் அல்ல!). அங்கே சில சிறுமிகளுக்கு வலிப்பு போல வந்தது. சூனியம் என்று ஊர் நம்பியது. 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள்; அவர்களில் 14 பேர் பெண்கள்.

ஆதாரம் என்ன தெரியுமா? "அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்ற சாட்சியம். அந்த ஆவி வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. "அப்போது நான் வீட்டில் இருந்தேன்" என்று சொல்லியும் பயனில்லை. வந்தது உடம்பு இல்லையே! இதைவிடக் கொடுமை, சூனியம் செய்ததாக ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களைத் தூக்கிலிடவில்லை. பொய் சொல்ல மறுத்தவர்களே தூக்குமேடை ஏறினார்கள்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். ஒரு சோதனை எதைக் கொடுத்தாலும் 'பிழை' என்றே காட்டினால், கோளாறு அந்தச் சோதனையில்தான் என்போம்.

அக்டோபரில் ஆளுநர் வில்லியம் பிப்ஸ் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தை ஏற்கவில்லை. பெரும்பாலானோர் விடுதலையானார்கள். சூனிய நம்பிக்கை அன்று மறைந்துவிடவில்லை. எது ஆதாரம் என்ற விதிதான் மாறியது. அதுவே பல உயிர்களைக் காப்பாற்றியது.

யாராவது ஒருவர்மேல் பழி சொன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள்: "அவர் நிரபராதி என்றால், அதை அவர் எப்படிக் காட்ட முடியும்?" அதற்கு வழியே இல்லையென்றால், நீங்களும் 1692இல்தான் நிற்கிறீர்கள்.