நூற்றுக்கு மேலே ஒரு மதிப்பெண்

காவிரிக்கரைக் கணக்கு: அத்தியாயம் 9

சென்ற வாரம் ராமானுஜனைக் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் மேடையில் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1904. கணக்குக்கான கே. ரங்கநாத ராவ் பரிசை அவனுக்குக் கொடுக்கும்போது தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் கூட்டத்தைப் பார்த்து ஒன்று சொன்னார். இந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறு போட்டாலும் நியாயம் ஆகாது. அதற்கு மேலே ஏதாவது போட வழியிருந்தால் அதைத்தான் போட வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார்? "நூற்றுக்கு மேல் என்கிறீர்கள், சரி. எந்த ஊரில் வாங்கியது? யாரோடு போட்டி போட்டு வாங்கியது?"

கேள்வியில் தப்பில்லை. நம் பக்கத்தில் யாராவது மாவுக்கு இத்தனை மூட்டை கண்டேன் என்று சொன்னால், கேட்பவர் உடனே திருப்பிக் கேட்பது இதைத்தானே: வயல் தலைமடையா, கடைமடையா? கல்லணையில் திறந்த தண்ணீர் தலைமடைக்காரன் வரப்பை முதலில் நனைக்கிறது. கடைமடைக்காரன் அதற்குள் நாற்று முற்றிப்போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இருவரும் பத்து மூட்டை கண்டால் அந்தப் பத்தும் ஒரே பத்து இல்லை. எண்ணை மட்டும் கேட்டு விளைச்சலை எடைபோட முடியாது என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பிள்ளைகளின் படிப்பை எடைபோடும்போது மட்டும் இதை எப்படி மறந்துபோகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இந்த அத்தியாயம் முழுக்க அந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். டவுன் ஹைஸ்கூல் 1864-ல் தொடங்கிய பள்ளி, ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. 1897 நவம்பரில் நடந்த பிரைமரி தேர்வில் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்துதான் ராமானுஜன் அதற்குள் நுழைந்தான். சக மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு கணக்குத் தேர்வில் 45-க்கு 42 வாங்கினான். கூடப் படித்த ஒருவன் 43 வாங்கிவிட்டான். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக ராமானுஜன் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான் என்று அவன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வகுப்பில் இன்னொருவனிடம் கணக்கில் தோற்றான் என்பதற்கு எனக்குத் தெரிந்து கிடைக்கிற ஒரே தடயம் இதுதான். அதன் பிறகு அந்தக் களத்தில் அவனுக்கு எதிராளியே இல்லை.

எதிராளி இல்லாத பையனைப் பள்ளிக்கூடம் என்ன செய்தது? வேலை வாங்கியது. பள்ளியில் ஏறத்தாழ 1,200 மாணவர்கள், முப்பத்தைந்து ஆசிரியர்கள். எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர், எந்த மணிக்கு என்று பாட அட்டவணை போடுவது மூத்த கணக்கு ஆசிரியர் கணபதி சுப்பையரின் பொறுப்பு. அவர் அதைத் தூக்கி இந்தப் பையனிடம் கொடுத்துவிட்டார். ஒரு பீரியடை இங்கே நகர்த்தினால் நான்கு வகுப்புகள் அங்கே முட்டிக்கொள்ளும் அந்த வேலையை இன்றைக்குச் செய்கிற ஆசிரியர்களைக் கேளுங்கள், ஜூன் மாதம் அவர்கள் தூங்குவதில்லை. தேர்வு எழுதுவதைவிட அந்த அட்டவணையைத்தான் நான் அவனுடைய பெரிய பரீட்சை என்பேன். அதற்கு மதிப்பெண் போடத்தான் யாருமில்லை.

அவனுடைய உண்மையான போட்டி வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவன் வளர்ந்த வீடு இன்றும் இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாக வைத்திருக்கிறது. திண்ணை தாண்டி உள்ளே போனால் சின்ன அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் அருகே ஒரு கட்டில். வீட்டில் ஒண்டியிருந்த கல்லூரி மாணவர்களிடமிருந்து லோனியின் திரிகோணமிதிப் புத்தகம் அவனுக்குக் கிடைத்தது. பதின்மூன்று வயதுக்குள் அதை முடித்தான். அதற்கப்புறம், சைன், கோசைன் என்பவற்றை முக்கோணமே இல்லாமல் எழுதலாம் என்று தானே ஒரு வழி கண்டுபிடித்தான். தன் சொந்தச் சொத்து என்று நினைத்தான். பிறகுதான் தெரிந்தது: ஆய்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அதை நூற்றைம்பது வருஷம் முன்பே செய்துவிட்டார்.

பையனுக்கு அவமானமாகப் போய்விட்டது. எழுதிய தாள்களை எடுத்துக் கூரையில் செருகி ஒளித்துவைத்தான்.

அந்தக் கூரையைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். ஆய்லரோடு ஓடி, ஆய்லர் எட்டிய இடத்தைத் தனியாக எட்டிவிட்டு, இரண்டாவதாக வந்துவிட்டோமே என்று வெட்கப்படுகிற பையன். அவன் யாரோடு போட்டி போட்டான் என்று கேட்ட வெளியூர்க்காரருக்கு நான் அந்தக் கூரையைத்தான் கைகாட்டுவேன்.

1903-ல் இன்னொரு புத்தகம் வந்தது. ஜி.எஸ். கார் என்பவர் தொகுத்தது. சுமார் 5,000 கணித முடிவுகளுக்கு வரிசையாக எண் போட்டு அடுக்கிய பெரிய தொகுப்பு. நிரூபணம் பெரும்பாலும் ஒரு வரிச் சாடை, சில இடங்களில் அதுவும் இல்லை. கார் ஒரு தனிப்பயிற்சி வாத்தியார். கேம்பிரிட்ஜில் ட்ரைபாஸ் என்றொரு கணக்குத் தேர்வு இருந்தது. முதலாவதாக வருபவனை 'சீனியர் ராங்ளர்' என்று ஊரே கொண்டாடும். இங்கிலாந்தில் அதைவிடக் கடுமையான படிப்புப் போட்டி கிடையாது. அந்தப் போட்டிக்குப் பையன்களைத் தீட்டுகிற பட்டறையில் சேர்ந்த குறிப்புகள்தாம் அந்தப் புத்தகம். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால்தான் அதற்கு உயிர். கும்பகோணத்தில் வாத்தியார் இல்லை. ஆகவே ஒவ்வொரு முடிவையும் பையன் தானே நிறுவிப் பார்த்தான். காகிதம் விலை, சிலேட்டில் எழுதி, துணி தேடாமல் முழங்கையாலேயே அழித்து, மறுபடி எழுதி, கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றினான். முழங்கை காய்ந்து கறுத்துப்போனது.

புத்தகம் எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் அரசினர் கல்லூரியின் நூலகத்திலிருந்து.

1904-ல் ராமானுஜன் அந்தக் கல்லூரிக்கே மாணவனாகப் போனான். 1854-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி 1867-ல் கல்லூரியானது அது. அங்கே பணியாற்றிய போர்ட்டர் துரையும் கோபால் ராவும் கட்டி எழுப்பிய பெயர். 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்றே சொல்வார்கள். காவிரியின் மறுகரையில் இருந்தது. பாலம் வராத காலம்: ஆற்றில் தண்ணீர் போனால் படகு, கோடையில் மணலில் நடை. இங்கிலீஷிலும் கணக்கிலும் தேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் ஜூனியர் சுப்பிரமணியம் ஸ்காலர்ஷிப்போடு அவன் அந்த ஆற்றைக் கடந்தான்.

எஃப்.ஏ. என்பது அன்றைய இன்டர்மீடியட். இங்கிலீஷ், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய சரித்திரம், உடற்கூறு, இவற்றோடு கணக்கு. எல்லாவற்றிலும் தேற வேண்டும். சரித்திர வகுப்பில் உட்கார்ந்துகொண்டு ராமானுஜன் நோட்டில் தொடர்பின்னங்களைப் போட்டுக்கொண்டிருந்தான். இங்கிலீஷ் கட்டுரையில் தோற்றான். ஸ்காலர்ஷிப் போயிற்று.

கல்லூரிச் சம்பளம் ஒரு டெர்முக்கு 32 ரூபாய். ஜவுளிக்கடையில் கணக்கெழுதிய அப்பா சீனிவாச ஐயங்காரின் மாதச் சம்பளம் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் நேரே பிரின்ஸிபாலைப் பார்க்கப் போனார். 1905-ல் அக்கிரகாரத்துப் பெண்மணி ஒருவர் மகனுக்காகக் கல்லூரித் தலைவர் முன்னால் போய் நின்று வாதாடினார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோமளத்தம்மாளைப் பற்றி எழுதியவர்கள் பல குறை சொல்வார்கள். இந்த ஒரு நடைக்காக நான் அவரை வணங்குவேன். பிரின்ஸிபால் பணிவாகக் கேட்டுக்கொண்டார், விதியை மாற்றவில்லை.

கல்லூரியை நான் வில்லனாக்கப் போவதில்லை. எஃப்.ஏ. என்ற ஏணி அரசாங்க உத்தியோகத்துக்குப் போட்ட ஏணி. அதில் ஏறுபவனுக்கு இங்கிலீஷ் கட்டாயம் வேண்டும். அவனுக்குக் கணக்கு நடத்திய சேஷு ஐயருக்குப் பையனின் திறமை தெரியும். பிற்காலத்தில் அவர் செய்த உதவியைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் தெரிந்தவரின் அபிப்பிராயத்தை எழுத அந்த மார்க் தாளில் ஒரு கட்டம் இல்லை. கார் புத்தகத்தை இரவல் கொடுத்த கல்லூரி, அதை வைத்துக்கொண்டு பையன் என்ன செய்தான் என்று ஒருமுறை நோட்டை வாங்கிப் புரட்டியிருந்தால் போதும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஒரு நிமிஷம். அமெரிக்கக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். கல்லூரி அணிகளுக்கு ஆள் பிடிக்கப் பயிற்சியாளர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவார்கள். அவர்களுக்கும் இதே தலைமடை, கடைமடைச் சிக்கல்தான்: பெரிய நகரத்துப் பள்ளிகளின் கடும் போட்டியில் பத்துத் தடவை பந்து பிடித்தவனையும், குக்கிராமத்துச் சோனிகளுக்கு எதிராக நாற்பது தடவை பிடித்தவனையும் எப்படி ஒப்பிடுவது? மிசிசிப்பி மாநிலத்துக் கிராமம் ஒன்றில் கொத்தனார் மகன் ஜெர்ரி ரைஸ். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வரவில்லை. அதிகம் பேர் அறியாத ஒரு சின்னக் கல்லூரிதான் சேர்த்துக்கொண்டது. கோடைக்காலங்களில் அப்பாவோடு வேலைக்குப் போய், தூக்கிப்போடுகிற செங்கல்லைச் சாரத்தில் நின்று பிடித்த கை அது. பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பந்து பிடித்து அவர் சேர்த்த 22,895 கெஜத்தை இன்றுவரை எவரும் எட்டவில்லை. எதிராளிகளின் பட்டியலைப் பார்த்தவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். கையைப் பார்த்திருக்க வேண்டும்.

ராமானுஜன் விஷயத்தில் கையைப் பார்க்கும் ஆள் வர இன்னும் எட்டு வருஷம் ஆகும். அந்த ஆள் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி; அவர் கதைக்கு நாம் இன்னும் வரவில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன், கிருஷ்ணசுவாமி ஐயருக்காக. கணிதத் திறமைக்கு ஹார்டி ஒருமுறை மதிப்பெண் போட்டார் என்று கணிதர் பால் எர்தோஷ் சொல்லியிருக்கிறார். ஹார்டி தனக்குப் போட்டுக்கொண்டது 25. நண்பர் லிட்டில்வுட்டுக்கு 30. ஜெர்மனியின் மாமேதை ஹில்பர்ட்டுக்கு 80. ராமானுஜனுக்கு 100. ஹார்டி உலகத்தின் முதல்வரிசைக் கணிதர்களை எதிரே நிறுத்தி அளந்தார். கும்பகோணத்துத் தலைமையாசிரியரிடம் ஹில்பர்ட் இல்லை. 1,200 பள்ளிப் பையன்கள்தான் இருந்தார்கள். அந்தச் சின்னக் களத்தில் நின்றுகொண்டு, தன் அளவுகோல் இந்தப் பையனுக்குப் பற்றாது என்று அவர் கண்டுகொண்டார். பரிசளிப்பு மேடையில் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

இனி 1905-க்குத் திரும்புவோம்.

ஸ்காலர்ஷிப் போன பிறகும் ராமானுஜன் உடனே நின்றுவிடவில்லை. வருகைச் சான்றிதழுக்குத் தேவையான அளவுக்குச் சில மாதம் வகுப்புக்குப் போய்வந்தான். ஜூலையில் சான்றிதழும் வந்தது. மேட்டூர் அணை இல்லாத காலம். குடகில் பெய்த மழையே நேரே கும்பகோணத்துக்கு இறங்கிவரும். ஆடி மாதத்துப் புதுவெள்ளத்தில் காவிரி செம்மண் நிறத்தில் ஓடியிருக்க வேண்டும். படகில்தான் அக்கரை போயிருக்க வேண்டும். படகில் கூட வந்தவர்களில் பலருக்கு அவனுடைய பரிசும் தெரியும், பறிபோன ஸ்காலர்ஷிப்பும் தெரியும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒருநாள் அவன் வீட்டில் இல்லை. சன்னதித் தெருவில் தேடினார்கள், கோயிலில் தேடினார்கள். உறவுக்காரர் வீடுகளிலும் இல்லை.

செப்டம்பர் 2-ஆம் தேதி 'தி இந்து' பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. காணாமல்போன பையன்; பெயர் ராமானுஜம்; வயது சுமார் 18; அண்மைக்காலம் வரை கல்லூரி மாணவன்; ஏதோ மனஸ்தாபத்தில் வீட்டைவிட்டுப் போயிருக்கிறான்.

பதினேழரை வயதுப் பையன் அதற்குள் சென்னையையும் தாண்டி, தமிழ் புழங்காத துறைமுகப் பட்டினம் ஒன்றுக்கு ரயிலேறியிருந்தான். கும்பகோணத்தில் யாருக்கும் அது தெரியாது. அந்த ஊரில் அவனுக்கு யாரைத் தெரியும்?

(தொடரும்)