செப்புத் தகட்டில் ஓர் உத்தியானம்

தன் தந்தை வேட்டைக்காகக் கட்டியிருந்த சிறு மாளிகையைப் பதினான்காம் லூயி மன்னன் வெர்சேல்ஸ் அரண்மனையாக விஸ்தரித்து, ஆந்திரே லெ நோத்ர் என்னும் தோட்டக்கலை மேதையைக் கொண்டு அதைச் சூழ உத்தியானங்களை அமைத்தபோது, அந்த வைபவத்தை அயல்தேசத்து அரசவைகளும் கண்டு வியக்க வேண்டும் என்று விரும்பி, செப்புத் தகட்டில் சித்திரம் பொறிக்கும் கலைஞர்களைத் தன் சேவையில் அமர்த்திக்கொண்டான். அவர்களில் கீர்த்தி பெற்றவர், 1621-ல் நான்சி நகரில் பிறந்த இஸ்ரயேல் சில்வெஸ்தர்.

தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைப் பரப்பி, புகை காட்டிக் கறுப்பாக்கி, ஊசிமுனையால் கீறினால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு மினுங்கும். பிறகு திராவகம் வார்த்தால் அந்தக் கோடு அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மசியை நிரப்பி, ஈரக் காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தி எடுப்பார்கள். தொலைவில் உள்ள மரங்களின் கோடுகளைச் சிறிது நேரமும், அருகில் உள்ளவற்றை நெடுநேரமும் திராவகம் தீண்டும்படி விடுவதனாலேயே காகிதத்தில் அவ்வளவு பெரிய வெளி விரிகிறது.

இச்சித்திரங்கள் முழு உண்மையையும் சொல்வதில்லை. படத்தில் ஊற்றுகள் ஓயாமல் பொங்குகின்றன. உண்மையிலோ நீர் போதாமையால், மன்னன் வரும் வழியில் உள்ள ஊற்றுகளை மட்டும் திறந்துவிட்டு, அவன் கடந்ததும் மூடிவிடுவார்கள். ஆயினும் இச்சித்திரங்களை நான் உயர்வாகவே மதிக்கிறேன்; ஏனெனில், அரசர்கள் தாங்களே இடித்துத் தள்ளியவற்றை அவை காப்பாற்றி வைத்திருக்கின்றன. கிளிஞ்சல் பதித்த தெத்திஸ் குகை, அரண்மனையின் வடபகுதி எழும்புவதற்காக 1684-ல் இடிக்கப்பட்டது. அதன் உட்புறம் ழான் லெ போத்ர் பொறித்த படங்களில் நிற்கிறது.

என் மனத்தை விட்டு நீங்காதது, ஈசாப் கதைகளைக் கூறும் முப்பத்தொன்பது ஊற்றுகள் கொண்ட சுற்றுவழிச் சோலை. வண்ணம் தீட்டிய ஈயப் பிராணிகளின் வாயிலிருந்து பீறிடும் நீரே அவை ஒன்றோடொன்று பேசும் பேச்சாகக் கற்பனை செய்யப்பட்டிருந்தது. நரியும் கொக்கும் அங்கே நீராலேயே வழக்காடின. வாயிலில் ஒருபுறம் ஈசாப். மறுபுறம், வழி தவறியவருக்கு உதவும் நூலுருண்டையை ஏந்திய காதல் தேவன். 1775-ல் அந்தச் சோலை அடியோடு அழிக்கப்பட்டது. சார்ல் பெரோ எழுதி 1677-ல் வெளிவந்த நூலில் செபஸ்தியன் லெ கிளேர் ஒவ்வோர் ஊற்றையும் தனித்தனியே பொறித்திருப்பதோடு, சோலையின் வரைபடத்தில் ஊற்றுக்கு ஊற்று இலக்கமும் இட்டிருக்கிறது. இன்றும் அந்த இலக்கங்களைப் பின்பற்றி, இல்லாத வழிகளில் விரலை நகர்த்தியே முப்பத்தொன்பதையும் சுற்றி வரலாம்.