டாலிகஞ்சில் ஒளியை அளந்தவர்கள்

தென்கல்கத்தாவின் டாலிகஞ்சில் பீரேந்திரநாத் சர்க்கார் 1931-ஆம் ஆண்டில் நியூ தியேட்டர்ஸை நிறுவிய காலந்தொட்டு, அங்கே உருவான சித்திரங்களின் நடிப்பையும் சங்கீதத்தையும் போற்றிய ரசிகர்கள், அவற்றைத் திரைக்குக் கொணர்ந்த ஒளியின் சாஸ்திரத்தை அவ்வளவாக எண்ணிப் பார்த்ததில்லை. தமிழருக்கும் அந்நகரம் அன்னியமன்று. 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யை எல்லிஸ் ஆர். டங்கன் படமாக்கியது கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா ஸ்டூடியோவில்தான்.

மனிதக் கண் தன்னைச் சூழ்நிலைக்கு இணக்கிக்கொள்ளும் இயல்புடையது. மஞ்சள் விளக்கின் கீழிருக்கும் வெள்ளை வேஷ்டியையும் அது வெள்ளையென்றே கொள்ளும். பிலிமுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. மௌனப்பட காலத்தின் ஆர்த்தோகுரோமாடிக் பிலிம் சிவப்பை அறியாததாகையால், வங்கப் பெண்ணின் வகிட்டிலுள்ள செந்தூரம் அதில் கரியென விழும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் பிலிம் பரவிய பின்னரே அக்குறை நீங்கிற்று. ஒளி கூடக்கூட நெகட்டிவ் எவ்விதம் கறுக்கிறது என்பதை அளந்து வரைபடமாக்கும் முறையை, ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-இலேயே உலகுக்கு அளித்திருந்தனர். படிப்படியாக ஒளியூட்டிய பட்டையைக் கழுவி, ஒவ்வொரு படியின் அடர்த்தியையும் கருவியால் அளந்து, ரசாயனத்தின் நிலையைச் சோதிக்கும் லேப் வழக்கத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

ஒளிப்பதிவாளரின் கையில் இதற்கிணையான சாதனம் சாம்பல் அட்டை. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கை அது திருப்பியனுப்பும். கண்ணுக்கு அதுவே கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவான சாயல். காட்சியிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கும் மீட்டரோ, தான் காண்பதனைத்தையும் அந்த நடுச்சாயலென்றே கருதுமாதலால், வெண்புடவையை அளந்தால் புடவை மங்கும், கறுத்த கோட்டை அளந்தால் கோட்டு வெளுக்கும். முகம் இருக்குமிடத்தில் அட்டையைப் பிடித்து அளப்பவனுக்கே புடவையும் முகமும் தத்தம் சாயலில் நிற்கும்.

இந்த அளவுணர்வு கலையாக மலர்ந்ததற்குச் சிறந்த திருஷ்டாந்தம் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன் சினிமாக் காமிராவை இயக்கியறியாத அவர், 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் பன்சி சந்திரகுப்தர் அமைத்தபோது, திறந்த வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளியை விளக்குகளால் தரவியலாதென்று முதலில் வாதிட்டார். பின்னர், அரங்கின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் பாய்ச்சி, திரும்பிவரும் மென்மையான ஒளியால் அதே வானத்தைச் சமைத்துக் காட்டினார்.

1962-இல் சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’ வர்ணத்தில் வந்தபோது, அளவுகோலின் பொறுப்பு இன்னும் பெருகியது. அந்நாளில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் இருந்தது வெண்ணிறத்துப் பெண்ணின் முகமே. அம்முகத்துக்குச் சரியான வர்ணச் சமநிலை நம்மவரின் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் நியாயம் செய்யுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. இதற்கு மாறாக, நிறங்களைச் சரிபார்ப்பதற்கென 1976-இல் வெளியான மாக்பெத் வர்ண அட்டையின் இருபத்துநான்கு கட்டங்களில் முதலாவது கருத்த தோலின் நிறம், இரண்டாவது வெளுத்த தோலின் நிறம். கடைசி வரிசையின் ஆறும் வெண்மை முதல் கருமை வரையிலான சாயல்கள். நம் முகத்துக்கும் அளவுகோலில் இடமுண்டு என்பதை ஒப்புக்கொண்ட அந்த முதற் கட்டத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

1993-இல் லண்டன் லேப் ஒன்றில் மூண்ட தீ, ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’ முதலான ராயின் அபு சித்திரங்களின் மூல நெகட்டிவ்களைக் கருக்கியது. எஞ்சிய பகுதிகளையும் பிற பிரதிகளையும் கொண்டு அவை புதுப்பிக்கப்பட்டு 2015-இல் மீண்டும் திரையேறின. தீ தொடாத வர்ணப் பிரதிகளையோ காலமே கெடுக்கிறது. பழைய வர்ணச் சுருள்களில் நீலப்பச்சைச் சாயம் வெளிறி, படமே செம்மை படர்ந்துவிடுகிறது. அவ்வேளையில் மூல நிறம் எது என்பதற்குச் சாட்சி, சுருளின் தலைப்பில் ஒளிப்பதிவாளர் பிடித்துவைத்த அட்டையின் சில பிரேம்களே. ஆகவே, பழைய பிலிம் டப்பாக்களைக் காப்பவர்கள், டாலிகஞ்சிலாயினும் கோடம்பாக்கத்திலாயினும், அப்பிரேம்களைக் கழிவென்று வெட்டியெறியாமல் சுருளோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள்.