ஈயத் தகட்டிலிருந்து ஹார்ன்ஸ்டேல் வரை

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பேட்டரி என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. டார்ச் லைட்டில் போடும் கட்டைக்கு 'பில்' என்று பெயர். தீர்ந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். 1800-ல் இத்தாலியரான வோல்ட்டா உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மின்சாரம் எடுத்ததால் வந்த பெயர் அது. மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடியது 'அக்குமுலாத்தர்', அதாவது சேர்த்து வைப்பது. அதை முதலில் செய்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். 1859-ல் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாமல் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் நிறுத்தினார். வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்தப் பேட்டரிக்குப் பாட்டன் இதுதான்.

வீட்டுக்கு இன்வெர்ட்டர் சரி, ஒரு ஊருக்கே வைக்க முடியுமா? வைத்தார்கள். மேற்கு பெர்லினில், 1986-ல். அப்போது அந்நகரைச் சுற்றிலும் கிழக்கு ஜெர்மனி. மேற்கு ஜெர்மனியின் மின்கம்பிகளோடு தொடர்பு கிடையாது. மின்சாரத்தில் ஒரு கண்டிப்பு உண்டு: ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் இறங்கும். ரொம்ப இறங்கினால் ஊரே இருண்டுவிடும். பெரிய கட்டமைப்பில் அக்கம்பக்கத்து நிலையங்கள் தாங்கிக்கொள்ளும். மேற்கு பெர்லினுக்கு அக்கம்பக்கம் இல்லை. அதனால் பிளாந்தேயின் அதே ஈயத்தைக் கொண்டு 17 மெகாவாட் பேட்டரி நிலையம் அமைத்தார்கள். பிற்பாடு ஜெர்மனி ஒன்றுபட்டு, நகரம் பெரிய கட்டமைப்பில் சேர்ந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

முப்பது ஆண்டு கழித்து இதே தனிமை தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. அங்கே காற்றாலைகள் பெருகியிருந்தன. மாநிலத்தின் கடைசி நிலக்கரி நிலையத்தை 2016 மே மாதம் மூடினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று சூறாவளி அடித்து மின்கோபுரங்கள் சாய்ந்தன. கோளாறு அடுத்தடுத்து வந்ததால் பல காற்றாலைகள் தம் பாதுகாப்பு அமைப்பின்படி தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலிருந்து வரும் இணைப்பு பளு தாங்காமல் அறுந்தது. ஏறத்தாழ 17 லட்சம் பேர் இருளில் இருந்தார்கள். 'காற்றை நம்பினால் இதுதான் கதி' என்றார்கள் சிலர். புயலும் அமைப்பு முறையும்தான் காரணம் என்றார்கள் வேறு சிலர். அரசியல் சண்டை பெரிதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் டெஸ்லாவின் ஈலான் மஸ்க், ஒப்பந்தம் போட்ட 100 நாளுக்குள் முடிக்காவிட்டால் பேட்டரி இலவசம் என்று பந்தயம் கட்டினார். ஜேம்ஸ்டவுன் ஊருக்குப் பக்கத்தில் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளோடு சேர்த்து லித்தியம் பேட்டரி எழுந்தது. அளவு 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. நடத்தியது நியோவென் என்ற பிரெஞ்சு நிறுவனம். 2017 டிசம்பர் 1 அன்று திறந்தார்கள். கையெழுத்தாகும் முன்பே பாதி வேலை நடந்திருந்தது என்பது உண்மை. இருந்தாலும், ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்கே 100 நாள் ஆவதைப் பார்த்துப் பழகிய குமாஸ்தா எனக்கு, அது அதிசயமாகத்தான் இருந்தது.

இரண்டே வாரத்தில் அது கவனத்துக்கு வந்தது. டிசம்பர் 14 பின்னிரவில், விக்டோரியாவின் லாய் யாங் நிலக்கரி நிலையத்தில் 560 மெகாவாட் இயந்திரம் ஒன்று திடீரென நின்றது. சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த பேட்டரி, நொடிக்கும் குறைவான நேரத்தில் 7.3 மெகாவாட் தந்தது. கொடுத்தது கொஞ்சம்தான். வேறு நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும் முன்பே கொடுத்தது என்பதுதான் விசேஷம்.

உண்மையான சோதனை 2020 ஜனவரி 31 அன்று வந்தது. இம்முறை விக்டோரியாவில் கோபுரங்கள் சாய்ந்தன. தெற்கு ஆஸ்திரேலியா இரண்டு வாரத்துக்கும் மேல் தனித்து நின்றது. ஹார்ன்ஸ்டேலும் மற்ற பேட்டரிகளும் எரிவாயு நிலையங்களோடு சேர்ந்து அதிர்வெண்ணைப் பிடித்து வைத்தன. 2016 போல மாநிலம் இருளவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முழு வேகத்தில் கொடுத்தால் ஹார்ன்ஸ்டேல் ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். காற்றில்லாத ஓர் இரவைக் கழிக்க அது போதாது. 2021-ல் கீலாங் பக்கத்தில் இன்னொரு பெரிய பேட்டரி, சோதனை ஓட்டத்தின்போதே தீப்பிடித்துச் சில நாள் எரிந்தது. ஆனாலும் ஆஸ்திரேலியர்கள் நிறுத்தவில்லை. நியூ சவுத் வேல்ஸில் மூடப்பட்ட மன்மோரா நிலக்கரி நிலையம் இருந்த இடத்துக்கே 850 மெகாவாட் பேட்டரி வந்திருக்கிறது.

நம் புதுச்சேரிக்கும் பெரும்பாலான மின்சாரம் வெளியிலிருந்துதான் வருகிறது. சொந்தமென்று காரைக்காலில் ஒரு சிறிய எரிவாயு நிலையம். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது விளக்கில்லாமல் கிடந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தெருக்கம்பமே சாய்ந்தால் எந்தப் பேட்டரியும் உதவாது, அது வேறு. எங்கோ தொலைவில் கோபுரம் சாய்ந்து ஊர் தனித்து நிற்கும்போதுதான் உதவும். சூரிய ஒளியையும் காற்றையும் நம்பி நாடு முழுதும் பேட்டரி வைக்கப் போகிறவர்கள், கம்பியின் கடைசி முனையில் இருக்கும் ஊர்களிலிருந்து தொடங்கினால் நல்லது.